ரசமட்டம் அக்காவும் விட்டுப்போன அறுபது டைல்ஸும்

அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி அந்தத் தெருவில் விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று அவள் வீட்டு வாசலிலேயே நின்று சொல்வார்கள். "ரசமட்டம் அக்கா" என்று கேட்டால், பால்காரர் முதல் தையல்கடைக்காரர் வரை கையை நீட்டிவிடுவார்கள். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் கருவிதான் ரசமட்டம். ஒரு சட்டம், அதன் நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி. மற்ற பெண்கள் கைப்பையில் சீப்பு வைத்திருப்பார்கள். அவள் கைப்பையில் அது இருக்கும். சும்மாவும் இருக்காது. நாத்தனாருக்குப் பிரசவமானபோது பார்க்கப் போனவள், குழந்தையைக் கையில் வாங்குவதற்கு முன்னால் ரசமட்டத்தைக் கட்டிலில் வைத்துப் பார்த்து, "சிஸ்டர், தலைமாடு அரை விரல் தாழ்ந்திருக்கு, யாரும் கவனிக்கலையா?" என்று நர்ஸைக் கூப்பிட்டாள்.

டைல்ஸ் ஒட்டுவதுதான் அவள் தொழில். கலவைச் சட்டி தூக்கும் சித்தாளாக வந்தவள். ஒரு நாள் மேஸ்திரிக்குக் காய்ச்சல் கண்டு பாதி குளியலறையோடு படுத்துவிட, மீதிப் பாதியை அவள் ஒட்டி முடித்தாள். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இந்தப் பாதியை ஒட்டின ஆளே அந்தப் பாதியையும் பெயர்த்துட்டு ஒட்டட்டும்" என்றார். அதிலிருந்து இருபத்திரண்டு வருஷம். இப்போது வயது நாற்பத்தைந்து. முட்டி இரண்டும் காய்த்துப்போய்ச் செருப்புத் தோல்போல ஆகிவிட்டன. அவள் கணவர் சலூன் வைத்திருப்பவர். நாள் முழுக்க நின்றே வேலை. "உன் முட்டியும் போச்சு, என் குதிகாலும் போச்சு. நம்ம ரெண்டு பேரையும் சேர்த்தாக்கூட ஒரு ஆள் ஒழுங்கா நிக்க முடியாது" என்பார்.

இந்த முட்டியைப் பார்த்துத்தான் இன்ஜினியர் அந்தப் பேச்சை எடுத்தார். அவர் சின்னதாக ஒரு கட்டுமானக் கம்பெனி நடத்துபவர். அவருடைய வேலைகளில் பாதி இவள் கையால்தான் முடியும்.

"அக்கா, உன்னை சூப்பர்வைசரா போட்டுடறேன். நின்னு மேற்பார்வை பார்த்தாப் போதும். ஆனா பத்தாவது பாஸ் சர்டிபிகேட் ஒண்ணு ஃபைல்ல இருக்கணும்."

"பத்தாவது எழுதியிருக்கேன் சார்."

"பாஸா?"

"கணக்கைத் தவிர எல்லாம் பாஸ்."

கணக்கில் அவள் தோற்ற கதை ஒரு நிமிஷத்தில் சொல்லி முடிக்கக்கூடியது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பலகையில் ஒரு இருபடிச் சார்பை எழுதி, "x-க்குப் பதிலா x கூட்டல் 2 போடுங்க" என்றார். இவள் எழுந்து, "அப்போ பழைய x எங்க சார் போகும்?" என்று கேட்டாள். "வெளியே போகும். நீயும் கூடவே போ" என்றார் அவர். இவள் போனாள். அந்தப் பாடம் முடியும்வரை வராந்தாவில் நின்றாள். பரீட்சையில் அதே பாடத்திலிருந்து இரண்டு பெரிய கேள்விகள் வந்தன. கேள்வித்தாளில் நாம் வராந்தாவில் நின்றதைக் கழிக்க ஏற்பாடு ஒன்றும் கிடையாது.

இப்போது மறுபடி விண்ணப்பம் போட்டு, பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தாள். ஆரம்பப் பள்ளி ஒன்றின் இரண்டாம் வகுப்பு அறையில் வாரத்துக்கு மூன்று நாள் நடந்தது. குழந்தைகள் உட்காரும் பெஞ்சு என்பதால் எல்லோருக்கும் முட்டி காது வரை வந்தது. அவள் பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர். அவரும் கணக்கில் தோற்றவர்தான். "டிக்கெட் கணக்கெல்லாம் தண்ணி பட்ட பாடு அக்கா. எழுத்து வந்து நம்பர் நடுவுல உட்கார்ந்தாத்தான் எனக்குத் தலை சுத்துது" என்றார்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் இருபத்தாறு வயது ஆசிரியர். நல்லவர், ஒல்லியானவர். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை "சரி, புரியுதா?" என்பார். கேள்விபோலத்தான் இருக்கும், ஆனால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். மூன்றாம் நாளே வகுப்பு அவருக்கு 'சரிபுரியுதா' என்று பெயர் வைத்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் பலகையில் எழுதினார்: f(x) = x² + 4x + 2.

ரசமட்டம் அக்கா கொஞ்ச நேரம் அதை உற்றுப் பார்த்தாள். பிறகு பெஞ்சு ஆட எழுந்து, "சார், இது ரூம்!" என்றாள்.

"என்ன ரூம்மா?"

"சதுர ரூம் சார். ஒரு பக்கத்துக்கு x டைல்ஸ். தரைக்கு x தடவை x. சுவரோட அடியில ஓரமா பட்டை ஒட்டுவோமே, ஸ்கர்ட்டிங், அது நாலு பக்கத்துக்கும் 4x. கதவு இடத்துல மிச்சமாகிறது வெட்டுச் சேதாரத்துக்குச் சரியாப் போயிடும். உடைஞ்சா மாத்தறதுக்கு ரெண்டு. எல்லாம் சேர்த்து எத்தனை உருப்படின்னு கேக்குது."

ஆசிரியர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் ஒரு அறை இருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. "சரி, அப்போ x-க்குப் பதிலா பத்து போட்டா?"

"நூறு, நாப்பது, ரெண்டு. நூத்தி நாப்பத்திரண்டு உருப்படி." அவள் பென்சிலையே தொடவில்லை. கண்டக்டர் கைதட்டினார். அன்று அவள் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்துகொண்டு போனாள். "கணக்குன்னா இவ்வளவுதாங்க. இதுக்கா இருபத்தெட்டு வருஷம் பயந்தேன்?" என்று கணவரிடம் சொன்னாள். அவர், "அவசரப்படாதே. முதல் சீவல்ல எல்லா முடியும் படிஞ்சுதான் இருக்கும்" என்றார்.

அந்த வாரம் அவள் கையில் இருந்த வேலை ஒரு பல் ஆஸ்பத்திரி. நோயாளிகள் உட்காரும் கூடம் பக்கத்துக்குப் பத்து டைல்ஸ் வரும் சதுரம். பல் டாக்டரம்மா கடைசி நேரத்தில் மனசு மாறி, இரண்டு பக்கத் தடுப்புச் சுவரையும் தள்ளிப் போட்டு அறையைப் பெரிதாக்கச் சொல்லிவிட்டார். புது ஏற்பாட்டில் பக்கத்துக்கு மூன்று டைல்ஸ் கூடியது. இதை இன்ஜினியர் போனில் சொன்ன நேரம் வியாழக்கிழமை மாலை ஆறேமுக்கால். அவள் வகுப்பில் இருந்தாள். ஆசிரியர் அப்போதுதான் பலகையில் f(x + 3) என்று எழுதிவிட்டு, பழைய கணக்கை அழித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மொத்தம் எத்தனை வேணும்? கடைக்காரன் ஷட்டரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான், உடனே சொல்லு."

வேறு எந்த நாளாக இருந்தாலும் "காலையில அளந்துட்டுச் சொல்றேன் சார்" என்றிருப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சொல்லி ஒரு டைல்ஸ் குறைந்ததில்லை. ஆனால் அன்றைக்கு அவள் கையில் நோட்டும், எதிரில் பலகையும், மனசில் அல்ஜீப்ராவும் இருந்தன. விறுவிறுவென்று எழுதினாள். பத்துக்கு நூற்று நாற்பத்திரண்டு. மூன்றுக்கு ஒன்பதும் பன்னிரண்டும் இரண்டும், ஆக இருபத்துமூன்று. இரண்டையும் கூட்டினால் நூற்று அறுபத்தைந்து. சந்தேகத்துக்கு, "சார், பத்துக்குத் தனியா, மூணுக்குத் தனியா பார்த்துக் கூட்டிட்டேன், சரிதானே?" என்று கேட்டாள்.

முதுகைக் காட்டிக்கொண்டு பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆசிரியர், "சரி, புரியுதா?" என்றார்.

"சரியாம் சார்" என்று போனில் சொன்னாள். "தரைக்கு நூத்தி ஒன்பது, ஸ்கர்ட்டிங் அம்பத்திரண்டு, உடைசலுக்கு நாலு. மொத்தம் நூத்தி அறுபத்தஞ்சு. எழுதிக்கோங்க."

சனிக்கிழமை காலை டைல்ஸ் வந்து இறங்கியது. திங்களன்று ஆஸ்பத்திரி திறப்பு. கவுன்டர் மேஜை மாட்டுகிற தச்சர் வேறு வந்து, "என் மேஜை அந்தக் கோடி மூலையில நிக்கணும், மொதல்ல அங்க ஒட்டிக் கொடுங்க" என்று தலைமேல் நின்றார். அவள் ஜன்னல் மூலையில் நூல் கட்டி, பத்துக்குப் பத்தாகப் பழைய கூடத்தின் அளவை முடித்தாள். ஒவ்வொரு டைல்ஸையும் ரப்பர் சுத்தியலால் தட்டி, அடியில் பொந்து இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். பிறகு தச்சருக்காக எதிர்மூலைக்குப் போய், மூன்றுக்கு மூன்று ஒன்பது டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தாள். கவுன்டர் அதன்மேல் ஜம்மென்று உட்கார்ந்தது. இடுப்பை நிமிர்த்திவிட்டு அடுத்த பெட்டியைத் திறக்கப் போனாள். அடுத்த பெட்டி என்று ஒன்று இல்லை. ஸ்கர்ட்டிங் பட்டைகள் அடுக்கி இருந்தன; தரை டைல்ஸில் உடைசலுக்கு வைத்த நாலு மட்டும் சுவரில் சாய்ந்து நின்றன.

கூடத்தைப் பார்த்தாள். இந்த மூலையில் ஒரு பெரிய சதுரம். அந்த மூலையில் ஒரு சின்னச் சதுரம். இரண்டும் ஒரே ஒரு முனையில் தொட்டுக்கொண்டிருந்தன, பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள்போல. நடுவில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, வெறும் சிமெண்டாக இரண்டு நீளப் பட்டைகள். ஒவ்வொன்றும் மூன்று அகலம், பத்து நீளம். முப்பதும் முப்பதும் அறுபது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்: ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர், ஏ ஸ்கொயர் ப்ளஸ் டூ ஏபி ப்ளஸ் பி ஸ்கொயர். அந்த 'டூ ஏபி' எதற்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது அது சிமெண்ட் தெரியக் கால்நீட்டிப் படுத்திருந்தது.

சாயங்காலம் டாக்டரம்மா பார்க்க வந்தார். மெதுவாகப் பேசுகிற மனுஷி. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, முன்பல்லு ரெண்டும் விழுந்த மாதிரி இருக்கு?"

"அது டூ ஏபி டாக்டரம்மா."

"எப்போ வரும்?"

"கடையில ஸ்டாக் இல்லையாம். எட்டு நாளாகும்."

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். நோயாளி எவ்வளவு கத்தினாலும் முகம் மாறாத பழக்கம் அவருக்கு. "சரி, திங்கக்கிழமை வர்றவங்க எப்படி உட்காருவாங்க?"

பலகை போட்டுத்தான். பெரிய சதுரத்தில் நாற்காலிகள், சின்னச் சதுரத்தில் கவுன்டர், இடையில் ஒரு படி தாழ்ந்து கால் தடுக்கும் சிமெண்டின்மேல் சாரப் பலகைகளால் ஒரு பாலம். பாலத்தை ரசமட்டம் அக்காவே போட்டாள். அதுவும் அப்பழுக்கில்லாத மட்டம். திங்களன்று கன்னம் வீங்கி வந்த கனத்த மனிதர் ஒருவர் பலகை நடுவில் போய் நின்றுகொண்டு, அது "கிர்" என்றதும் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மூன்று பேர் கைகொடுத்து இறக்கினார்கள். இறங்கியதும், "பல்வலி போயே போச்சு" என்றார். கவுன்டர் பெண் டோக்கனைத் துடைப்பக் கட்டையின் நுனியில் செருகி நீட்டினாள். இன்ஜினியர் வந்து, பலகைமேல் ஒரு தடவை போய்த் திரும்பி நடந்து பார்த்துவிட்டுக் கிளம்பினார். அதுதான் இவளைப் படுத்தியது. வீட்டில் கணவர் இரண்டு நாள் சிரித்தார். மூன்றாம் நாள், "நான் ஒரு தடவை ஒருத்தருக்கு ஒரு பக்க மீசையை மட்டும் எடுத்திருக்கேன்" என்று ஆறுதல் சொன்னார்.

செவ்வாய் வகுப்புக்கு அவள் சாக்பீஸோடுதான் போனாள். ஆசிரியர் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சுகளை ஒதுக்கச் சொல்லி, இரண்டாம் வகுப்புத் தரையில் கூடத்தை வரைந்தாள். பெரிய சதுரம், சின்னச் சதுரம், நடுவில் இரண்டு பட்டை.

"சார், பத்தும் மூணும் சேர்ந்து பதிமூணா உள்ள போகணும். நான் தனித்தனியா அனுப்பிட்டேன். நீங்களும் சரின்னீங்க."

"நானா? எப்போ?"

"முதுகைக் காட்டிக்கிட்டு."

ஆசிரியருக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் காது இரண்டும் சிவந்துவிட்டன. ஒரு மனிதர் தன்னுடைய வாய்ப்பழக்கத்தால் ஒரு ஆஸ்பத்திரியில் பாலம் கட்ட வைத்திருக்கிறார் என்பது சின்ன விஷயமில்லை. "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார். பிறகு பலகையில் x இருந்த இடங்களையெல்லாம் அழித்து, அந்த இடத்தில் வெறும் அடைப்புக்குறிகளை மட்டும் எழுதினார். உள்ளே காலி.

"மொதல்ல அடைப்புக்குறி. அப்புறம்தான் ஆள். x எங்கெல்லாம் இருந்துச்சோ, அங்கெல்லாம் x + 3 சேர்ந்தே உட்காரணும்."

"குடும்பத்தோட டிக்கெட் எடுத்தவன் மாதிரி. பிரிச்சு உட்கார வெச்சா சண்டை வரும்" என்றார் கண்டக்டர்.

அவள் பலகைக்குப் போனாள். (x + 3)² + 4(x + 3) + 2 என்று எழுதினாள். முதல் அடைப்புக்குறியை விரிக்கும்போது தரையில் வரைந்ததை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பெரிய சதுரம் x². இரண்டு பட்டையும் சேர்ந்து 6x. சின்னச் சதுரம் ஒன்பது. அடுத்தது 4x-ம் பன்னிரண்டும். கடைசியில் இரண்டு. ஒரே இனத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாள்: x² + 10x + 23.

"இப்போ x-க்குப் பத்து போடுங்க" என்றார் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் அவரே போட்டார். "நூறு, நூறு, இருபத்திமூணு. இருநூத்தி இருபத்திமூணு! அக்கா, நீங்க அம்பத்தெட்டு குறைச்சலா சொல்லியிருக்கீங்க."

"தரையில அறுபது காலியா இருக்கே?"

எல்லோரும் விரல்விட்டு எண்ணினார்கள். கண்டுபிடித்தது அவளேதான். உடைசலுக்கு இரண்டு என்பதைப் பத்துக்கு ஒரு தடவையும் மூன்றுக்கு ஒரு தடவையுமாக நாலு எழுதியிருந்தாள். அங்கே இரண்டு கூடிவிட்டதால் குறைச்சல் ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது. "அப்போ ஸ்கர்ட்டிங் மட்டும் எப்படி சார் கரெக்டா வந்துச்சு? அதையும் பிரிச்சுத்தானே கூட்டினேன்?"

இந்தக் கேள்விக்கு ஆசிரியரின் முகம் மலர்ந்தது. "அது நேரா ஓடற கணக்கு. பிரிச்சாலும் சேர்த்தாலும் ஒண்ணுதான். வர்க்கம் வந்தாத்தான் பிரிக்கவே விடாது." சொல்லிவிட்டு வழக்கமான இரண்டு வார்த்தைகள் உதட்டுக்கு வர, அவற்றை அப்படியே விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது எல்லோருக்கும் தெரிந்தது.

எட்டாம் நாள் மீதி டைல்ஸ் வந்தது. வேறு தொகுப்பில் சுட்டது. நிறம் ஒரு மாற்று கறுப்பு. ஒட்டி முடித்ததும் இரண்டு பட்டையும் தனியாகப் பளிச்சென்று தெரிந்தன. "எல்லாத்தையும் பெயர்த்துட்டு ஒரே நிறமா போட்டுத் தர்றேன் டாக்டரம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். டாக்டரம்மா வேண்டாம் என்றார். "காத்திருக்கிறவங்க எல்லாரும் தரையைப் பார்த்து ஏன் இப்படின்னு யோசிச்சுக்கிட்டே இருக்காங்க. பயப்பட மறந்துடறாங்க. இருக்கட்டும்."

பரீட்சை அன்று அவள் இடம் ஜன்னல் ஓரம். மேற்பார்வைக்கு வந்தவர் கண்ணாடி போட்ட ஒரு கண்டிப்பான டீச்சர். ஐந்து மதிப்பெண் கேள்வி அவளுக்காகவே காத்திருந்தது: f(x) = 2x² − 3x + 1 எனில், f(x − 2)-ஐச் சுருக்குக.

அடைப்புக்குறிகளை முதலில் போட்டாள். ஆட்களை உட்கார வைத்தாள். அதற்கு மேல் கை நகரவில்லை. இதுவரை அறை பெரிதாகித்தான் பழக்கம், இது சின்னதாகிறது. தற்செயலாகக் கீழே பார்த்தாள். பரீட்சைக் கூடத்தில் டைல்ஸ் தரை. மனசுக்குள் ஒரு சதுரத்தைக் கட்டி, இந்தப் பக்கம் இரண்டு வரிசை பெயர்த்தாள், அந்தப் பக்கம் இரண்டு வரிசை பெயர்த்தாள். பார்த்தால், மூலையில் இருக்கிற நாலு டைல்ஸை இரண்டு தடவை பெயர்த்திருக்கிறாள். "ஒரு தடவை திருப்பி வைக்கணும்" என்று வாய்விட்டே முணுமுணுத்துக்கொண்டு, கால் கட்டைவிரலால் தரையில் எண்ணினாள்.

டீச்சர் ஓசைப்படாமல் வந்து நின்றார். "கீழ என்ன எழுதி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் எழுதலை டீச்சர்."

"காலை எடுங்க."

எடுத்தாள். டீச்சர் குனிந்தார். பத்தாமல் மண்டியிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். வெறும் டைல்ஸ். கூடமே எழுதுவதை நிறுத்திவிட்டு டீச்சரின் முதுகைப் பார்த்தது.

"டீச்சர்" என்றாள் அவள் தாழ்ந்த குரலில், "உங்க வலது முட்டிக்குக் கீழ இருக்கிற டைல்ஸ் தூக்கியிருக்கு. பார்த்து எழுந்திருங்க, தடுக்கும்."

டீச்சர் தடுக்காமல் எழுந்து போனார். இவள் எழுதினாள்: x² − 4x + 4. அந்த மாதிரி இரண்டு அறை என்பதால் 2x² − 8x + 8. அடுத்ததில் மைனஸும் மைனஸும் மோதிக்கொண்டு −3x + 6. கடைசியில் ஒன்று. சேர்த்தால் 2x² − 11x + 15. சரிபார்க்க x-க்கு ஐந்து போட்டுப் பார்த்தாள். பழைய சார்பில் மூன்று போட்டாலும் பத்து, புதியதில் ஐந்து போட்டாலும் பத்து. மணி அடித்தபோது அவள் மூன்றாவது முறையாக அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுபத்தொரு மதிப்பெண். கண்டக்டருக்கு நாற்பத்து நாலு. அவர் அன்றைக்கு டியூட்டியில் இருந்ததால், பஸ்ஸுக்குள்ளேயே எல்லோருக்கும் சத்தமாகச் சொன்னாராம்.

இன்ஜினியர் சொன்ன சொல் தவறவில்லை, சூப்பர்வைசராக்கினார். மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாலாம் நாள் ஒரு பையன் போட்ட வரிசை கோணலாகப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் மண்டியிட்டவள், மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தாள். இப்போது பாதி நேரம் நின்று பார்ப்பதும், பாதி நேரம் உட்கார்ந்து ஒட்டுவதுமாக ஒரு மாதிரி ஒத்துப்போயிருக்கிறது. முட்டி தேறவில்லை. அவளுக்கு அதைப் பற்றிப் புகாரும் இல்லை.

சர்டிபிகேட் தபாலில் வந்த அன்று கணவர்தான் உறையைப் பிரித்தார். படித்தார். இவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். மறுபடி படித்தார்.

"கல்யாணமாகி இருபத்திமூணு வருஷம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

பெயர் சரி, பிறந்த தேதி சரி, மதிப்பெண் சரி. பாலினம் என்ற இடத்தில் 'ஆண்' என்று அச்சாகியிருந்தது.

திருத்துவது எப்படி என்று அலுவலகத்தில் விசாரித்தாள். விண்ணப்பத்தோடு, விவரங்கள் சரியாக உள்ள பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகலை இணைக்க வேண்டும் என்றார்கள். அது இருந்தால் நான் ஏன் வருகிறேன் என்று இவள் கேட்டதற்கு, அடுத்த கவுன்டருக்குப் போகச் சொன்னார்கள். அடுத்த கவுன்டரில் ஆள் இல்லை. இன்ஜினியர் அதை வாங்கிப் பாராமலே ஃபைலில் சொருகிவிட்டார். கணவர் மட்டும் கொஞ்ச நாள் சலூனிலிருந்து வந்ததும் "ஐயா, சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சிரிங்க, சிரிங்க" என்றாள் அவள், பன்னிரண்டாம் வகுப்புக்கான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டே. "அந்தச் சர்டிபிகேட்லயாவது பொம்பளையா வர்றேனான்னு பார்க்கலாம்."